பேனல் பெரிதா, பேட்டரி பெரிதா?

நாளிதழின் உள்பக்கத்தில் ‘நாளைய மின்தடை’ என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். துணை மின் நிலையத்தின் பெயர், அதன்கீழ் வரும் தெருக்கள், மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை. அந்தத் தெருக்களில் ஒன்றில், மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்ட வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணி பதினொன்று. மாடியில் வெயில் கொளுத்துகிறது. பேனலைத் தொட்டால் கை சுடும். கீழே சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரிலோ சிவப்பு விளக்கு எரிகிறது; திரையில் ‘நோ கிரிட்’ என்ற எழுத்துகள் மட்டும். வீட்டில் ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை. சோலாரே இல்லாத பக்கத்து வீட்டில், பழைய யூபிஎஸ் தயவில் இரண்டு விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த இன்வெர்ட்டர் பழுதாகவில்லை. தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தனியாக மின்சாரம் தரும் கருவி அல்ல. ஈபி லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதோடு தன் அலையைப் பொருத்திக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. லைன் செத்தவுடன் அதுவும் நிற்க வேண்டும் என்பது கட்டாய விதி. நிற்காவிட்டால் என்ன ஆகும்? மொட்டைமாடி மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பும் அதே டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கம் மின்சாரம் கொடுத்தால் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் அதோடு போய்விடும். ஆகவே அந்த நிறுத்தத்தைக் குறை சொல்ல இடமே இல்லை. விற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லாமல் விடுவதுதான் குறை. ‘சோலார் போட்டால் கரண்ட் கட் கவலையே இல்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

கரண்ட் போனால் சோலார் வீடு என்ன ஆகும் என்ற கேள்வியை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். ஈபி லைனோடு இணைந்த அமைப்புக்குத்தான் இந்தப் பணம். பேட்டரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கென்று தனியாக மானியம் கிடையாது. இதனால் பெரும்பாலானவர்கள் பேட்டரி இல்லாத ஆன்கிரிட்டையே போட்டுக்கொள்கிறார்கள். மின் கட்டணம் குறைகிறது, மகிழ்ச்சி. ஆனால் கரண்ட் போனால் அவர்கள் நிலை, மேலே சொன்ன வீட்டின் நிலைதான்.

சூரிய மின்சாரத்தையும் ஈபி மின்சாரத்தையும் எப்படிச் சேர்த்தால், லைன் செத்த நேரத்தில் வீடு நிற்காமல் ஓடும்? அதற்கு என்ன விலை, அந்த விலை தகுமா? இவற்றை எடைபோடுவதற்கு முன், இன்றைய தமிழ்நாட்டில் மின்தடை எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

2008 முதல் 2012 வரையிலான ஆண்டுகளை மறந்தவர் இல்லை. நெருக்கடி முற்றிய 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கும் மேல் கரண்ட் இருக்காது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தியோடு உட்கார்ந்ததும், கோவையிலும் திருப்பூரிலும் பட்டறைகள் ஷிஃப்டைச் சுருக்கியதும் அந்தக் காலத்தில்தான். இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் நடுத்தர வீட்டின் பீரோ, ஃபிரிஜ் போல ஆனது அப்போதுதான். இன்று நிலைமை வேறு. 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத் தேவையையும் மாநிலம் சமாளித்தது. மின்பற்றாக்குறையால் வரும் நீண்ட வெட்டு அரிதாகிவிட்டது. மிச்சமிருப்பவை மூன்று வகை. முதலாவது, முன்பே அறிவிக்கப்பட்ட பகல் நேர ஷட்டவுன். இரண்டாவது, கோடை இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது தெரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் விழுவதும் ஃபியூஸ் போவதும். ஒன்றிரண்டு மணி நேரம், சில சமயம் விடியும் வரை. மூன்றாவது, புயல். எந்த ஏற்பாடாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. சராசரிக் கணக்கு இங்கே உதவாது.

பழைய யூபிஎஸ்ஸையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் பெயரளவில் 1.8 யூனிட் இருக்கிறது. அதில் பாதியளவு எடுப்பதே பேட்டரிக்கு நல்லது. மூன்று விசிறி, நான்கு விளக்கு என்றால் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். கோடை இரவின் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறுக்கு இது போதும். ஷட்டவுனையும் ஓரளவு ஓட்டிவிடலாம். ஈபியிலிருந்து வாங்கிச் சேமித்துத் திருப்பித் தருவதில் நாலில் ஒரு பங்கு வீணாகிறது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமில்லாத இடத்தில் வைத்தால் வெப்பம் ஆயுளைத் தின்றுவிடும். இவை உண்மையான குறைகள்தாம். ஆனாலும் வாடகை வீட்டில் இருப்பவருக்கும், மாடி உரிமை இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளருக்கும் இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. புயலில் மட்டும் இது தோற்கும்: முதல் இரவு முடிந்தால் பேட்டரி வெறும் பெட்டி, திரும்ப நிரப்ப ஆளில்லை.

‘அந்த யூபிஎஸ்ஸோடு ஒரு பேனலைச் சேர்த்துவிடலாமே’ என்பது அடுத்த யோசனை. யோசனை நல்லது, செய்யும் விதம்தான் பெரும்பாலும் கெட்டது. 330 வாட் பேனல் ஒன்று வேலை செய்யும் அழுத்தம் 37 வோல்ட்டை ஒட்டி இருக்கும், மின்னோட்டம் சுமார் 9 ஆம்பியர். அதை மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால், கண்ட்ரோலர் அழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கே இழுத்துவிடும். 13 வோல்ட்டில் 9 ஆம்பியர் என்றால் 117 வாட். காசு கொடுத்தது 330 வாட்டுக்கு. கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. பேனலை அதன் சொந்த அழுத்தத்திலேயே ஓடவிடும் எம்பிபிடி கண்ட்ரோலர் போட்டால்தான் மிச்சமும் கைக்கு வரும். இன்னொரு ஓட்டையும் உண்டு. சாதாரண யூபிஎஸ், ஈபி இருக்கும் நேரமெல்லாம் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க ஈபி நிரப்பிவிட்டால், காலையில் வரும் வெயிலுக்குப் போக இடமேது? சோலாருக்கு முதலிடம் தரும் அமைப்பு இருந்தால்தான் இந்தச் சேர்க்கைக்கு அர்த்தம். இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால், இரண்டு அறை வீட்டுக்கு இது சிக்கனமான, மரியாதையான தீர்வு. நிறைவேறாவிட்டால் மொட்டைமாடிக்கு அலங்காரம்.

ஈபியே வேண்டாம், முழுக்க ஆஃப்கிரிட் போய்விடலாம் என்று சொல்பவர்களின் ஆவேசம் புரிகிறது. கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடிக்கிடப்பது சாதாரணம். அந்த மூன்று நாளைக் கடக்க 24 யூனிட் சேமிப்பு வேண்டும். ஒரு யூனிட் லித்தியம் சேமிப்புக்கு 20,000 ரூபாய் என்று வைத்தாலும் பேட்டரிக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம். அந்த நவம்பருக்காகப் போட்ட பேனல்கள், ஏப்ரலில் தேவைக்கு மேல் விளைவித்து யாருக்கும் பயனில்லாமல் நிற்கும். லைன் எட்டாத மலைக் குடியிருப்புக்கும், தோட்டத்துக் காவல் கொட்டகைக்கும் ஆஃப்கிரிட்தான் சரி. வாசலில் ஈபி கம்பம் நிற்கும் வீட்டுக்கு அது வீண் செலவு.

மிஞ்சுவது ஹைபிரிட். இங்கே வாங்குபவர் விழித்திருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வேறு கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, அடிப்படையில் ஆஃப்கிரிட் இன்வெர்ட்டர். வெயிலும் பேட்டரியும் போதாதபோது ஈபியிலிருந்து வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒரு யூனிட்கூடத் திருப்பித் தராது. இதற்கு நெட் மீட்டர் கிடைக்காது, மானியமும் கிடைக்காது. மற்றொன்று, ஈபிக்கு ஏற்றுமதியும் செய்யும். லைன் செத்தால் சில மில்லி வினாடிகளில் தெருவிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, பேட்டரியையும் பேனலையும் வைத்து வீட்டுக்குள் மட்டும் தனி மின்சாரம் உண்டாக்கும். லைன்மேனுக்கும் ஆபத்தில்லை, வீட்டுக்கும் இருட்டில்லை. ஷட்டவுன் நாளிலும் பேனலின் விளைச்சல் வீட்டுக்குக் கைகொடுக்கும். வெயில் நன்றாக அடித்தால் மதியம் 2 மணி வரை பேட்டரி ஒரு புள்ளிகூட இறங்காது. நான் ஹைபிரிட் என்று இனிச் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஹைபிரிட்டை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உண்மையான விவாதம் தொடங்குகிறது: பேட்டரி எவ்வளவு? விற்பவர் பெரிதாகச் சொல்வார். 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு லட்சம் ரூபாய் என்று கொள்வோம். தினமும் 4 யூனிட் எடுத்து நிரப்பினால் பத்து ஆண்டுகளில் 14,600 யூனிட். சேமிப்புக் கூலி மட்டும் யூனிட்டுக்கு 6 ரூபாய் 85 காசு. வெயில் இலவசம் என்றாலும் இந்தக் கூலி இலவசம் அல்ல. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் நிர்ணயித்த வீட்டுக் கட்டணம், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரை 4 ரூபாய் 80 காசு. 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. முதல் 100 யூனிட் இலவசம், கீழ் அடுக்குகளில் அரசு மானியம் இன்னும் குறைக்கிறது. ஆக, சாதாரண வீட்டுக்குத் தினசரிப் பேட்டரி ஓட்டம் நஷ்டம்.

மேல் அடுக்கில் இருக்கும் வீட்டுக்காவது லாபமா என்றால், அங்கே நெட் மீட்டர் குறுக்கே வருகிறது. பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் கணக்கில் திரும்பப் பெறலாம் என்னும்போது, லைனே ஒரு பேட்டரிதான். தேய்மானம் இல்லாத பேட்டரி. அதை விட்டுவிட்டு, நம் காசில் வாங்கிய பேட்டரியைத் தினமும் இறக்கி ஏற்றி, போக வரப் பத்து சதவீதம் தொலைப்பதற்கு நியாயம் தேட முடியாது. நேரத்துக்கு ஏற்றபடி விலை மாறும் கட்டணம் வீடுகளுக்கும் வந்து, மாலை 6 மணிக்கு மேல் யூனிட் விலை ஏறினால் இந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை பேட்டரி சம்பாதிக்கும் கருவி அல்ல. அது காப்பீடு.

காப்பீடு என்று ஒப்புக்கொண்டால் இரண்டு முடிவுகள் தானாக வருகின்றன. ஒன்று, கருவியை அமைக்கும் விதம். ‘எஸ்பியு’ என்ற முறையில், அதாவது சோலார், அடுத்துப் பேட்டரி, கடைசியில் ஈபி என்று பொருத்திவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். தினமும் மாலையில் பேட்டரி வற்றும். இரவு பத்து மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. காப்பீட்டுக்காக வாங்கிய பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். லைன் செத்தால் மட்டும் இறங்க வேண்டும். பொருத்த வந்தவரிடம் மெனுவைத் திறந்து காட்டச் சொல்லி இதை உறுதிசெய்துகொள்வது அவசியம். அப்படி நிறைந்தே நிற்கும் பேட்டரிக்கு லித்தியம்தான் வேண்டும் என்பதில்லை என்பது இரண்டாவது முடிவு. எல்எஃப்பி லித்தியம் 4,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கும் என்பது அதன் பெருமை. ஆண்டுக்கு ஐம்பது சுற்றுதான் தேவை என்றால் அந்தப் பெருமைக்கு வேலையில்லை. டியூபுலர் பேட்டரி நிறைந்து நிற்பதையே விரும்பும். பாதி வற்றிய நிலையில் நாள்கணக்கில் கிடப்பதுதான் அதைக் கொல்லும். லித்தியத்துக்கு ஆதரவாக இடம், எடை, தண்ணீர் ஊற்றாத வசதி, வேகமாக நிரம்புவது என்று நல்ல காரணங்கள் உண்டு. இரண்டையும் சமமாகப் பார்த்தால் காசு இருப்பவருக்கு நானும் லித்தியத்தையே சொல்வேன். ‘டியூபுலர் காலாவதியாகிவிட்டது’ என்பது மட்டும் வியாபாரப் பேச்சு.

பேட்டரியின் அளவைத் தீர்மானிப்பது மின்தடை நேரத்தில் எது ஓட வேண்டும் என்பதுதான். பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட். மூன்று விசிறி ஒன்பது மணி நேரம் ஓடினால் பழையதற்கு 2 யூனிட்; புதியதற்கு 0.8 யூனிட். இரவில் மிச்சம் 1.2 யூனிட். அந்த 1.2 யூனிட்டைப் பேட்டரியில் வாங்கினால் மேலே சொன்ன விலையில் 24,000 ரூபாய். மூன்று விசிறியை மாற்றினால் பத்தாயிரத்தை ஒட்டித்தான். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் விசிறியை மாற்றாத வீடு, ஓட்டையை அடைக்காமல் தொட்டியைப் பெரிதாகக் கட்டுகிறது. விசிறி, விளக்கு, வைஃபை, இரவு நேர ஃபிரிஜ் எல்லாம் சேர்த்து 2 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஏசியும் கீசரும் இந்தப் பட்டியலில் இடம்பெறக் கூடாது.

இப்போது மிகக் கடினமான சோதனை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. மாநிலத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, சேற்று வயலில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். அப்படியும் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரங்கள் ஆயின. மக்களை வாட்டியது இருட்டைவிடத் தண்ணீர்தான். போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. ஏற்றுவதற்கு மின்சாரம் இல்லை. வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து, காசு வாங்கிக்கொண்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட நாளில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். கனத்த மேகத்தில் அது 10 முதல் 25 சதவீதமாகச் சுருங்கும். 15 என்று வைப்போம். ஒரு கிலோவாட் போட்டவருக்கு 0.6 யூனிட், விளக்குக்கும் ஃபோன் சார்ஜுக்கும் சரி. மூன்று கிலோவாட் போட்டவருக்கு 1.8 யூனிட், அத்தியாவசியத் தேவை ஏறக்குறைய முழுதும். பேனல் சிறிது, பேட்டரி பெரிது என்று வைத்தவர் முதல் இரண்டு நாளைச் சொகுசாகக் கழிப்பார். மூன்றாம் நாள் அந்தப் பெரிய பேட்டரியை நிரப்ப அவரிடம் வழி இருக்காது. பேனல் பெரிது, பேட்டரி அளவானது என்று வைத்தவர் சிக்கனமாக இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு காலையும் அவருக்கு ஏதோ வரும். வானம் வெளுக்கச் சில நாள் ஆகும், கம்பம் நட வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் 12 யூனிட் தரும் மாடி, தெருவுக்கே ஃபோன் சார்ஜ் போட்டுத் தரலாம். பேனல் இடத்தைத்தான் கேட்கிறது, மூன்று கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி; மானியமும் பேனலுக்குத்தான். பேட்டரியோ பத்தாண்டில் மாற்ற வேண்டிய பொருள். பேனல் இருபத்தைந்து ஆண்டு நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு பேனலையே காட்டுகிறது.

தண்ணீர் மோட்டார் மட்டும் தனிப் பிரச்சினை. ஒரு குதிரைத்திறன் சப்மெர்சிபிள் ஓடும்போது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் இழுக்கும்; கிளம்பும் நொடியில் அதுபோல் நான்கைந்து மடங்கு கேட்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அந்த நொடியில் ட்ரிப் ஆகிவிடும். மெதுவாகக் கிளப்பும் ஸ்டார்ட்டரோ, மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியோ போட்டால் ஓடும். புயல் பாதைக் கடலோர மாவட்டங்களில் ஹைபிரிட் போடுபவர், இந்தச் செலவையும் முதல் நாளே திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கே மாட்டுவது என்பதும் சின்ன விஷயமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் தேங்கிய பகுதிகளில் விபத்தைத் தவிர்க்க மின்சாரத்தை நிறுத்தித்தான் வைத்தார்கள். அப்படித் தண்ணீர் ஏறும் தெருவில் பேட்டரியைத் தரைத்தளத்தில் வைப்பது, தேவைப்படும் நாளில் அது இருக்காது என்று முடிவு செய்வதற்குச் சமம். காற்றும் அப்படித்தான்: மாடியைப் புழங்குவதற்காக எட்டடி உயரத்தில் தூக்கிப் பேனல் மாட்டும் வழக்கம் கடலோரத்தில் ஆபத்து. கான்கிரீட்டில் ஆழமாக இறக்கிய போல்ட்டும், தாழ்வான சட்டமும் இருந்தால்தான் பேனல் புயலுக்கு அடுத்த நாளும் நம் மாடியில் இருக்கும்.

ஒயரிங்கில் நடக்கும் தவறுகளைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹைபிரிட் இன்வெர்ட்டரில் காப்பு மின்சாரத்துக்கென்று தனி வெளியீடு இருக்கும். அதற்கு ஒரு சின்ன டிபி (மின் பகிர்வுப் பெட்டி) தனியாகப் போட்டு, அத்தியாவசிய விசிறி, விளக்கு, ஃபிரிஜ் பாயிண்டுகளை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். ஃபேஸ் ஒயரைப் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. விளைவு: மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும், அல்லது அதைவிட மோசமாக, தொட்டவருக்கு ஷாக் அடிக்கும் நேரத்தில் விழாது. காப்பு வெளியீட்டின் நியூட்ரல் தனியாக ஓட வேண்டும்; லைன் துண்டித்த நிலையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

இதுவரை வீட்டின் பக்கம் நின்று பேசினேன். லைனின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை இலங்கை பட்டுத்தான் கற்றது. 2022இல் டீசல் வாங்கக் காசில்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு அது. கூரை மேல் சோலார் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் ஏற்பட்ட கோளாறில் யாழ்ப்பாணம் முதல் மாத்தறை வரை நாடே இருண்டது. குரங்கு தொடக்கப்புள்ளி, ஆனால் தேவை குறைந்த ஞாயிறு பகலில் சோலாரின் பங்கு மிக அதிகமாக இருந்ததும், அதிர்ச்சியைத் தாங்கும் சுழல் இயந்திரங்கள் குறைவாக ஓடியதும் கோளாறைப் பரப்பியதாக இலங்கை மின்சார சபையே சொன்னது. அடுத்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை நாட்களில் கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி அது மக்களைக் கேட்டுக்கொண்டது. வெயில் உச்சியில் இருக்கும்போது, காசு போட்டு வைத்த பேனலை மக்கள் கையால் அணைக்க வேண்டிய நிலை!

தமிழ்நாடு இணைந்திருக்கும் இந்தியாவின் மின்தொகுப்பு பிரம்மாண்டமானது. 2013 டிசம்பர் 31இல் தென்னகத் தொகுப்பும் மற்றவற்றோடு இணைந்த பிறகு ஒரு ஞாயிறு பகல் அதை அசைத்துவிடாது. ஆனாலும் தெரு டிரான்ஸ்ஃபார்மர் சிறியதுதான். எல்லா மாடியும் நண்பகலில் ஒரே நேரத்தில் கொட்டினால் அங்கே வோல்ட்டேஜ் ஏறும், இன்வெர்ட்டர்கள் தாமாக ட்ரிப் ஆகும். அந்த நிலை வரும்போது, நண்பகல் மிகுதியில் கொஞ்சத்தைத் தாங்கும் வீட்டுப் பேட்டரி வீட்டுக்காரரின் சொந்த வசதியாக மட்டும் இருக்காது, தெருவுக்கே உதவி. ஆகவே, பேட்டரிக்கு மானியம் தராத கொள்கையை நான் ஏற்கவில்லை. பெரிய பேட்டரிக்கெல்லாம் பொதுப்பணம் தர வேண்டியதில்லை. 2 யூனிட் அளவு வரை, அதுவும் புயல் பாதையில் உள்ள கடலோர மாவட்டங்களுக்கு முதலில் தந்தால்கூடப் போதும். கஜாவில் ஜெனரேட்டருக்குக் காத்திருந்த கிராமங்களில், பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் மோட்டாரை ஓட்டும் ஹைபிரிட் இருந்திருந்தால் அந்த வாரங்கள் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடி உரிமை உள்ள, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட் பேனல், ஏற்றுமதி செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 2 முதல் 3 யூனிட் பேட்டரி, தனி டிபி. கையில் காசு குறைவென்றால் பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம். இன்வெர்ட்டரை மட்டும் இப்போதே ஹைபிரிட்டாக வாங்குங்கள், ஆன்கிரிட் வாங்கிப் பின்னால் மாற்றுவது இரட்டைச் செலவு. 300 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு இந்தப் பெரிய ஏற்பாடு காசுக்குத் தகாது. பிஎல்டிசி விசிறியும் நல்ல யூபிஎஸ்ஸும், முடிந்தால் எம்பிபிடியோடு ஒரு பேனலும் போதும். பேட்டரி இல்லாத ஆன்கிரிட் மின் கட்டணத்தைக் குறைக்க மிக நல்லது; மின்தடைக்கு அது தீர்வே அல்ல.

எதை வாங்கினாலும், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை கேளுங்கள். நண்பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, பொருத்தியவர் முன்னாலேயே வீட்டு மெயினை இறக்கச் சொல்லுங்கள். விசிறி நிற்காமல் சுற்றினால் பணத்தைக் கொடுங்கள்.